வாத்தியாருக்கு இரட்டிப்பு

உடம்பு தேற ஆள் வைத்துக்கொள்பவர்கள் எல்லாரும் ஒரே நினைப்போடுதான் வருகிறார்கள். அழுக்குத் துணியை டோபியிடம் போட்டுவிட்டு வெளுத்ததை வாங்கிக்கொள்வதுபோல, உடம்பையும் ஒருவனிடம் போட்டுவிடலாம் என்ற நினைப்பு. வேலப்பன் இதைப் பலமுறை பார்த்துவிட்டான். ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவனிடம் வந்தவர்களில் துரை பங்களாவின் சமையல்காரர் உண்டு. ரிங்லெட்டில் மளிகைக்கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே உண்டு. பெண் பார்க்கப் போவதற்குள் மார்பு வேண்டும் என்று கேட்ட லாரி டிரைவர் ஒருவனும் உண்டு. "நீ சொல்றதெல்லாம் செய்யறேன், குனிய மட்டும் சொல்லாதே" என்றார் சமையல்காரர். லாரி டிரைவர் மூன்றாம் நாளே கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போனான். வேலப்பன் யாரையும் திட்டியதில்லை. கூலி வாங்கிக்கொண்டு அடுத்தவன் உடம்புக்குள் புகுந்து வேலை செய்ய முடியாது என்று சொல்லிப் புரியவைக்க முயன்றதும் இல்லை. முதுகு வலிக்கும்போது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அவனுடைய தொழில் கவாத்து. தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி இறக்குகிற வேலை. தாப்பாவில் சிறுவயதில் இருந்தபோது அங்கிருந்த ஒரு கோதாவில் தண்டாலும் பஸ்கியும் பழகினான். பிறகு மலைக்கு வேலைக்கு வந்தான். அந்தக் கோதாவிலிருந்து இரண்டு வழக்கங்கள் அவனோடு மலையேறி வந்தன. பழகுகிறவன் எத்தனை தண்டால் எடுக்கிறானோ அதைப்போல் இரண்டு மடங்கு வாத்தியார் அவன் கண்ணெதிரே எடுக்க வேண்டும். முடிந்ததும் பழகுகிறவன் குனிந்து மண்ணைத் தொட்டு, கையை நெஞ்சில் வைத்து, வாத்தியார் பக்கம் திரும்பி வணங்க வேண்டும். இந்த இரண்டையும் வேலப்பன் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

சண்டையில் ஜெயித்து ஜப்பான்காரன் வந்தபிறகு யாரும் உடம்பு வேண்டும் என்று வரவில்லை. இருக்கிற உடம்பே ஆபத்தாகிவிட்டது. சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். திடமாகத் தெரிந்தவனை முதலில் லாரியில் ஏற்றினார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை. தேயிலையை யாரும் வெட்டவில்லை. செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் மரமாகி நின்றன. கொஞ்சம் இடத்தைத் தோண்டி மரவள்ளி நட்டார்கள். அந்தக் குளிரில் கிழங்கு விரல் தடிமனுக்கு மேல் போகவில்லை.

வேலப்பனின் மனைவி தங்கம்மாவுக்குக் காலில் புண். முதலில் முள் குத்தின இடம்தான். சாப்பாடு இல்லாத உடம்பில் அது ஆறவில்லை, அகலமாகிக்கொண்டே போனது. வேலைக்குப் போகாதவர்களுக்குப் படி கிடையாது. வேலப்பன் கொண்டுவருவதில்தான் இருவரும் இருந்தார்கள். அவன் சயாமுக்குப் போனால் லயத்து வரிசைவீட்டு அறையில் அவள் தனியாகக் கிடப்பாள், சீக்கிரமே உயிரோடு கிடக்கமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். 

அப்போதுதான் எஸ்டேட் கணக்கு எழுதுகிற கிராணி லியோனார்ட் ஆள் அனுப்பினார்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபிறகு ஆபீஸில் மிச்சமிருந்தவர் லியோனார்ட் ஒருவர்தான். கனத்த ஆள். பஞ்சகாலத்திலும் வயிறு கரையவில்லை. அது சாப்பாட்டு வயிறு இல்லை, நாற்காலி வயிறு. மாடிப்படி ஏறினால் பேச்சு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு முட்டி போட்டால் எழுப்ப மனைவி ஐவி வரவேண்டும்.

"உக்காரு வேலப்பா" என்றார். அப்படி அவர் சொன்னது அதுவே முதல் தடவை. வேலப்பன் உட்காரவில்லை.

"சித்திரையில அவங்க சக்கரவர்த்திக்குப் பொறந்தநாளு. தானா ராத்தாவுல இருந்து அதிகாரி வர்றான். பெரட்டுக் களத்துல எல்லாரையும் நிக்கவச்சு தண்டால் கஸரத்தெல்லாம் செய்யணுமாம். முன்னால நின்னு செஞ்சு காட்ட வேண்டியது எஸ்டேட் கிராணி. செய்ய முடியாத கிராணி ஆபீஸுக்கு வேணாமாம்."

"வேணாம்னா?"

"வேணாம்னா எங்க அனுப்புவான்? உனக்குத் தெரியாதா?"

வேலப்பன் அவருடைய முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது முட்டி வெளியே தள்ளி நின்றது.

"சயாமுக்கு ஆளுங்க பேரச் சொல்றது நான்தான்" என்றார் லியோனார்ட். குரல் இறங்கிவிட்டது. "நான் இந்த நாற்காலில இருக்கற வரைக்கும் உன் பேரச் சொல்லமாட்டேன். மாதா சத்தியம். வாரம் ஒரு பால்டின் நெறைய அரிசியும் தர்றேன்."

"நீங்க நாற்காலில இல்லாட்டி?"

"அப்ப நீயும் நானும் ஒரே லாரிதான்லா."

வேலப்பன் சிரித்தான். சிரித்து நாளாகியிருந்ததால் தாடை வலித்தது.

தேயிலை ஸ்டோரின் மேல்மாடியில் பழகினார்கள். பச்சைக் கொழுந்தை வாட்டுகிற இடம்; இப்போது தட்டுகள் காலியாகக் கிடந்தன. விடியற்காலையில் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து தரையில் படுத்துக்கொள்ளும். லியோனார்ட் முதல் நாள் சட்டையைக் கழற்றி, தோளைப் பின்னால் இழுத்து, தயாராக வந்து நின்றார். வேலப்பன் அவரைத் தண்டால் எடுக்கச் சொல்லவில்லை. கேள்வி கேட்டான். படுத்தால் எந்தப் பக்கம் வலிக்கும்? மலம் போகிறதா? மூச்சு முதலில் எங்கே நிற்கிறது, தொண்டையிலா நெஞ்சிலா? பிறகு மாடிப்படியில் அவரை இறங்கி ஏறச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தான்.

"இவ்வளவுதானா இன்னிக்கி?" என்றார் லியோனார்ட்.

"இவ்வளவுதாங்க."

"இதுக்கா அரிசி?"

"இதுக்குத்தாங்க."

அந்த வாரம் முழுவதும் மூச்சு விடவும், நாற்காலி இல்லாமல் உட்கார்ந்து எழவும் பழகினார்கள். இரண்டாம் வாரம் லியோனார்ட் காய்ச்சல் என்று ஆள் சொல்லி அனுப்பினார். வேலப்பன் வீட்டு வாசலில் போய் நின்றான். ஐவி வெளியே வந்து, "காய்ச்சல் இல்ல, கட்டில விட்டு எறங்க முடியல. நேத்து நீ என்ன செஞ்சே அவர?" என்று கேட்டாள். "ஒண்ணும் செய்யலீங்க. அவருதான் செஞ்சாரு" என்றான் வேலப்பன். உள்ளேயிருந்து லியோனார்ட் முனகுவது கேட்டது. அன்று அவர் வந்தார். வலிக்கிற உடம்போடுதான் வரவேண்டும், வலி போகட்டும் என்று காத்திருந்தால் மறுபடி முதலில் இருந்துதான் என்று வேலப்பன் சொன்னதை, திட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

வணக்கத்துக்குத்தான் பெரிய சண்டை நடந்தது.

"நான் சாமியார் காலையே தொட்டதில்ல. உன் பக்கம் திரும்பிக் கும்பிடணுமா? நாளைக்கு லயத்துல தெரிஞ்சா எவன்டா என்னை மதிப்பான்?"

"என்னை இல்லீங்க கிராணியாரே. மண்ணத் தொட்டு நெஞ்சுல கைய வைக்கறீங்க. அவ்வளவுதான்."

"அப்ப சுவத்தப் பாத்துக் கும்பிடறேன்."

"ஒருத்தரு முகத்தப் பாத்துக் கும்பிட்டாத்தான் மனசு நிக்கும். அதோட, ஓடின மூச்ச சட்டுனு நிறுத்தினா தலை சுத்தும். குனிஞ்சு எந்திரிக்கறப்ப மூச்சு தானா எறங்கும். வேணும்னா செய்யாம பாருங்க."

அன்று செய்யாமல் பார்த்தார். கண் இருட்டிக்கொண்டு வந்து, தட்டுகளைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து குனிந்தார். முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்தார். பிறகு சுளிப்பு போனது. பங்குனி பிறப்பதற்குள் அவர் அதைச் செய்வது அவருக்கே தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது. கடைசி தண்டால் முடிந்ததும் உடம்பு தானாகக் குனியும், கை தானாக நெஞ்சுக்கு வரும், முகம் தானாக வேலப்பன் நிற்கிற பக்கம் திரும்பும்.

லியோனார்ட் ஒன்று எடுத்தால் வேலப்பன் இரண்டு எடுத்தான். அவர் உடம்பு இறுக இறுக எண்ணிக்கை ஏறியது. அவருக்கு ஏறியதைப்போல் இரட்டிப்பாக வேலப்பனுக்கு ஏறியது.

"நீ சும்மா நின்னு எண்ணு வேலப்பா, போதும்" என்றார் ஒருநாள். அவர் கண்ணுக்கும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"நான் எடுக்காம உங்கள எடுக்கச் சொன்னா, வாய்க்கு வாங்கற கூலிங்க அது."

"வாய்க்குத்தான்டா நாங்கல்லாம் கூலி வாங்கறோம்" என்று லியோனார்ட் சிரித்தார். வேலப்பன் தரையில் கையை ஊன்றினான். கவாத்துக் கத்தி பிடித்த கை அது. ஒருகாலத்தில் ஒரு வீச்சுக்கு ஒரு கிளை விழும். இப்போது மணிக்கட்டில் நடுக்கம் இருந்தது. பனி காரணம் என்று நினைத்துக்கொண்டான்.

பால்டின் அரிசி அப்படியே தங்கம்மாவுக்குப் போனது. கஞ்சி காய்ச்சி அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவன் கிழங்கைத் தோலோடு தின்றான். புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுத்தோல் வருவதைப் பார்த்தான். அது அவனுக்குப் போதுமாக இருந்தது.

"நீ குடிச்சியா மாமா?"

"அங்கயே குடுத்தாரு கிராணி."

தங்கம்மா அவனைப் பார்த்தாள். "கிராணி வயிறு உள்ள போகுதாம். உன் வயிறு முதுகுல போய் ஒட்டிக்கிச்சு. அவரு உடம்ப நீ எறக்கறியா, உன் உடம்ப அவருக்கு அளந்து குடுக்கறியா?"

 பக்கத்து அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் பாதிச் சுவர்தான். அந்தப் பக்கத்திலிருந்து நாகப்பன் குரல் கொடுத்தான். நாகப்பனும் கவாத்துக்காரன். வேலப்பனோடு ஒரே செடிப் பத்தியில் வெட்டியவன். வாய் ஓயாது.

"வாத்தியாரே! கிராணிக்கு மார்பு வந்துருச்சா? பால் எப்பக் கறப்பீங்க?"

தங்கம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

"கறந்தா மொதப் பாலு உனக்குத்தான்டா" என்றான் வேலப்பன்.

"எனக்கு வேணாம்லா. நான் நல்லா மெலிஞ்சுக்கிட்டு வர்றேன். என்னப் பாத்தா சயாம்காரனே அழுவான்."

நாகப்பன் அப்படி ஒன்றும் மெலியவில்லை. வாட்டசாட்டமாகத்தான் இருந்தான். அவனுக்கே அது தெரியும். அதனால்தான் தினமும் அதையே சொன்னான்.

பிறந்தநாள் அன்று விடியும் முன்பே எல்லாரையும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார்கள். காலையில் ஆளெண்ணி வேலைக்கு அனுப்புகிற திடல் அது. செம்மண் மழையில் குழைந்து கிடந்தது. சாக்குத் துணி கட்டியவர்களும் ரப்பர் ஷீட்டைச் சுற்றியவர்களுமாக வரிசை நின்றது. ஆட்களை ஏற்றிப்போக ஒரு லாரியும் வந்து நின்றிருந்தது. ஒருமுறை பார்த்தபிறகு யாரும் மறுபடி அதன் பக்கம் பார்க்கவில்லை. வேலப்பன் முன்வரிசையில் நின்றான். பக்கத்தில் நாகப்பன். தங்கம்மாவுக்கு நிற்க முடியாது, லயத்திலேயே இருந்தாள்.

அதிகாரி குள்ளமான ஆள். கூடவே தமிழ் பேசுகிற துபாஷி ஒருவன், பூட்ஸ் போட்டுக்கொண்டு. எல்லாரும் சக்கரவர்த்தி இருக்கிற வடகிழக்குத் திசைக்குத் திரும்பித் தலை குனிந்தார்கள். பிறகு லியோனார்ட் முன்னால் வந்தார்.

அவர் நன்றாகச் செய்தார். அதை வேலப்பன் ஒருவன்தான் முழுதாகப் பார்த்தான் என்று சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குத் தங்கள் கையையும் காலையும் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. "இச்சி, நீ, சான்" என்று ஜப்பான் பாஷையில் எண்ணிய லியோனார்டின் குரல் பனிக்குள் போய்த் திரும்பியது. இடது முட்டி வெளியே தள்ளவில்லை. தண்டாலில் இடுப்பு தொங்கவில்லை. மூச்சு நெஞ்சில் நிற்காமல் வயிறுவரை போய் வந்தது. மூன்று மாதமாகத் தான் சொன்னதெல்லாம் இன்னொருவன் முதுகில் எழுதியிருப்பதைப்போல் வேலப்பனுக்குத் தெரிந்தது. லாரி ஞாபகம்கூடச் சற்று விலகியது. ஆச்சு, பிழைத்தோம் என்று நினைத்தான்.

அதிகாரி தலையை ஆட்டினான். கஸரத்து முடிந்தது.

லியோனார்ட் குனிந்தார். செம்மண்ணைத் தொட்டார். கையை நெஞ்சில் வைத்தார். முன்வரிசையில் வேலப்பன் நிற்கிற இடம் தேடித் திரும்பி வணங்கினார்.

தலை நிமிர்ந்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

அதிகாரி நடந்து வந்து அவர் கன்னத்தில் அறைந்தான். ஏதோ கத்தினான். துபாஷி தமிழில் சொன்னான்: "சக்கரவர்த்திக்குத் தலை குனிஞ்சு ஒரு நாழிகூட ஆகல. அதுக்குள்ள யாருக்குக் கும்பிடு போடறே?"

லியோனார்டால் பொய் தேட முடியவில்லை. "வாத்தியாரு" என்றார். இன்னொரு அறை விழுந்தது. "கஸரத்து சொல்லிக்குடுத்தவரு. பழக்கம்… பழக்கத்துல…"

வேலப்பனை முன்னால் இழுத்தார்கள். அதிகாரி அவன் மேல்கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தான், மாடு வாங்க வந்தவன்போல. துபாஷியிடம் நிதானமாகப் பேசினான். கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது.

"சயாம்ல கூலிங்களுக்குக் காலைல கஸரத்து நடத்த ஆள் வேணுமாம்" என்றான் துபாஷி. "நீ வாத்தியாரு தானே? எடு பாப்பம் தண்டால். நல்லா எடுத்தா இன்னிக்கே லாரி."

லியோனார்ட் வேலப்பனைப் பார்த்தார். கன்னம் வீங்கிக்கொண்டிருந்தது. விழுந்துவிடு என்று அந்தப் பார்வை சொன்னது. வேலப்பனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தான் விழ வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தங்கம்மாவின் காலில் வந்துகொண்டிருந்த புதுத்தோல் கண்முன் இருந்தது. மண்ணில் கையை ஊன்றினான்.

ஊன்றியதும் உடம்பு அதன் பழக்கத்துக்கு நின்றது. முதுகு பலகையானது. கழுத்து நேரானது. தப்பாக எடுப்பது எப்படி என்று அந்த உடம்புக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்று எடுத்தான். சுத்தமான தண்டால். இன்னொன்று. அதிகாரி "ஹோ" என்றான். அடுத்ததில் விட்டுவிட வேண்டும் என்று வேலப்பன் நினைத்துக்கொண்டே கீழே இறங்கினான். பாதியில் முழங்கை நடுங்கியது. விடு என்று ஒரு நினைப்பு வந்தது. மானம் போகுமே என்று இன்னொரு நினைப்பும் கூடவே வந்தது. இரண்டுக்கும் நடுவில் கை மடங்கியது. முகம் செம்மண்ணில் மோதியது. வாய்க்குள் மண் போனது.

பூட்ஸ் அவன் விலாவைத் தள்ளியது. "மறுபடி எடுக்கச் சொல்றாரு."

மறுபடி கையை ஊன்றினான். இந்தத் தடவை மேலேயே வரவில்லை. முட்டி போட்டு எழப் பார்த்தான்; முட்டியும் வழுக்கியது. கஞ்சி குடிக்காமல் எடுத்த தண்டால்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முதுகில் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது.

அதிகாரி சிரித்தான். துபாஷியும் சிரித்தபடி சொன்னான்: "இவனா வாத்தியாரு? இவனுக்கே ஒரு வாத்தியாரு வேணுமாம். வேணாம், தள்ளு."

களத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பயம் விட்டுப்போன சிரிப்பு அது. நாகப்பனின் குரல். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிப்பு வந்த பக்கம் பார்த்தான். நாகப்பனின் தோளைப் பார்த்தான். விரலை நீட்டினான்.

லாரி கிளம்பியபோது வேலப்பன் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மண்ணைத் துப்பிக்கொண்டிருந்தான். நாகப்பன் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஏதாவது சொல்லத் தோன்றும் என்று வேலப்பன் காத்திருந்தான்.  ரிங்லெட் பக்கம் இறங்குகிற வளைவில் லாரி போனபிறகும் சத்தம் கொஞ்சநேரம் மலையில் கேட்டது.

மறுநாள் விடியற்காலையில் வேலப்பன் ஸ்டோர் மேல்மாடிக்குப் போனான். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. லியோனார்ட் முன்பே வந்து நின்றிருந்தார். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது.

"இனிமே எதுக்குங்க கிராணியாரே? அவன்தான் வந்துட்டுப் போயிட்டானே."

"மறுபடி வருவான்" என்றார் லியோனார்ட். பிறகு, "பழகிருச்சு. எந்திரிச்சு உக்காந்திருந்தேன். என்ன செய்யறதுன்னு தெரியல" என்றார்.

நாகப்பன் பெயரை இருவரும் சொல்லவில்லை.

லியோனார்ட் தரையில் கையை ஊன்றினார். வேலப்பனும் குனிந்தான். பாதி குனிந்தவன் நின்றான். போய் ஒரு காலித் தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்தான். லியோனார்ட் எடுக்க எடுக்க வாயால் எண்ணினான். அவன் எண்ணுகிற குரல் அவனுக்கே யாரோ எண்ணுவதுபோல் கேட்டது. லியோனார்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு வேலப்பன் உள்ளுக்குள் அவருக்கு நன்றி சொன்னான்.

முடிந்ததும் லியோனார்ட் குனிந்தார். தரையைத் தொட்டார். கையை நெஞ்சில் வைத்தவர் திரும்பத் தொடங்கி, பாதியில் நின்றார்.

"சுவத்தப் பாத்தே செஞ்சிருங்க" என்றான் வேலப்பன். "பழக்கத்த மாத்திருவம்."

லியோனார்ட் சுவரைப் பார்த்தார்.  பிறகு பையிலிருந்து பால்டின்னை எடுத்துப் பெட்டிமேல் வைத்தார்.

லயத்தில் தங்கம்மா விழித்திருந்தாள். பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் நாகப்பனின் மனைவி செல்லம் அடுப்பை ஊதுகிற சத்தம் கேட்டது. அடுப்பு பற்றவில்லை. அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். வேலப்பன் டின்னைத் திறந்து, அரிசியில் பாதியை ஒரு மங்குக் கிண்ணத்தில் கொட்டி, சுவர்மேல் வைத்தான். ஊதுகிற சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து ஒரு கை வந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டது. 

கஞ்சி கொதிக்கும்போது தங்கம்மா மெல்லக் கேட்டாள்.

"நேத்தே கேக்கணும்னு இருந்தேன். விழுந்தியா, விழுந்த மாதிரி செஞ்சியா?"

வேலப்பன் தன் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

"தெரியல."

"எத்தனை எடுத்தே இன்னிக்கி?"

"ஒண்ணும் எடுக்கல. எண்ணினேன்."

அவள் கஞ்சியை இரண்டு மங்கில் ஊற்றினாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, மட்டம் சரியா என்று பார்த்தாள். ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள். கிராணி அங்கேயே கொடுத்தார் என்று சொல்ல அவன் வாய் திறந்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கஞ்சியை எடுத்துக் குடித்தான்.